செவிகொடுத்துக் குணமாக்கியவர்: கார்ல் ரோஜர்ஸ்



துன்பத்தில் இருக்கும் ஒருவர் நம்மைத் தேடி வருகிறார். கணவரின் குடி, மகனின் போக்கு, கடன் தொல்லை, தூக்கமில்லாத இரவுகள் என்று ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறார். அவர் நான்கு வார்த்தை பேசுவதற்குள் நாம் நாற்பது வார்த்தை பேசிவிடுகிறோம். கவலைப்படாதே, செபமாலை சொல், எல்லாம் சரியாகிவிடும், உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்கிறோம். நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனாலும் வந்தவர் கொண்டுவந்த பாரத்தோடே திரும்பிப் போகிறார். சில வேளைகளில் தம்மை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற இன்னொரு பாரத்தையும் சேர்த்துச் சுமந்து போகிறார்.

மனநலத் துறையில் இந்தக் குறையைத் தெளிவாகக் கண்டு, அதை மாற்றுவதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் கார்ல் ரோஜர்ஸ். அமெரிக்க நாட்டவர். சீர்திருத்தத் திருச்சபையில் பிறந்து, போதகராக விரும்பி இறையியல் படித்து, பின்னர் அந்தப் பாதையை விட்டு விலகி உளவியலாளர் ஆனவர். இன்று நாம் கவுன்சலிங் அல்லது ஆற்றுப்படுத்துதல் என்று சொல்லும் பணி இப்போதுள்ள வடிவம் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் கத்தோலிக்கர் அல்லர். அவர் சொன்ன அனைத்தையும் நாம் ஏற்றுக்கொள்ளவும் முடியாது. இருந்தாலும் அவரது வாழ்வு நமக்குக் கற்றுத்தருவது ஏராளம்.

பண்ணை வீட்டில் ஒரு சிறுவன்

ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் சிகாகோ நகரை ஒட்டிய ஓக் பார்க் என்ற ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவர் நான்காமவர். தந்தை கட்டுமானத் தொழில் செய்த பொறியாளர். வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. கண்டிப்புக்கும் குறைவில்லை. மது, சீட்டாட்டம், நடனம், நாடகக் கொட்டகை எதற்கும் இடமில்லை. முதன்முதலாக ஒரு பாட்டில் சோடா குடித்தபோதுகூட ஏதோ பாவம் செய்துவிட்டது போன்ற உணர்வு ஏற்பட்டதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வெளியாருடன் அதிகம் பழகாத குடும்பம். எனவே சிறுவன் ரோஜர்ஸ் தனிமையில் வளர்ந்தான். புத்தகங்களே அவனுக்கு நண்பர்கள்.

அவருக்கு 12 வயதானபோது குடும்பம் நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்து, அவை முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு விரிப்பதை மாதக்கணக்கில் கவனித்தார். கால்நடைத் தீவன ஆய்வு பற்றிய தடித்த நூல்களை விரும்பிப் படித்தார். பொறுமையாகக் கவனித்தால் உயிருள்ளவை தம் இயல்பைத் தாமே காட்டும் என்ற பாடம் அப்போதே அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்த நாள்களின் காட்சி ஒன்றை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. குளிர்காலத் தேவைக்காக உருளைக்கிழங்குகளை வீட்டின் நிலவறையில் கொட்டி வைத்திருப்பார்கள். அங்கே மண் இல்லை, தண்ணீர் இல்லை. உயரத்தில் ஒரு சிறு சன்னல் மட்டுமே உண்டு. அந்த இருட்டிலும் கிழங்குகள் முளைவிடும். வெளிறி, மெலிந்து, கோணல்மாணலாக வளர்ந்தாலும் அந்த முளைகள் சன்னலின் வெளிச்சத்தை நோக்கியே நீளும். மனநல மருத்துவமனைகளில் உருக்குலைந்த மனிதர்களைச் சந்தித்தபோதெல்லாம் அவருக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. எவ்வளவு சிதைந்த வாழ்விலும் வளர்ச்சியை நாடும் ஓர் உந்துதல் உண்டு என்பதே அவரது சிகிச்சை முறைக்கு அடித்தளம் ஆனது.

இறையியலிலிருந்து உளவியலுக்கு

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்தவர், மாணவர்களுக்கான சமயக் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டபின் போதகர் பணிக்குத் தம்மை அளிக்க முடிவு செய்து, வரலாற்றுப் பாடத்துக்கு மாறினார். 1922ஆம் ஆண்டு சீனத்தின் பீக்கிங் நகரில் நடந்த உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்குச் செல்லும் அமெரிக்க மாணவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆறு மாதங்களுக்கும் மேல் நீடித்த அந்தப் பயணம் அவரை மாற்றியது. உண்மையான பக்தியுள்ள நல்ல மனிதர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் எவ்வளவு மாறுபட்டுச் சிந்திக்கிறார்கள் என்பதை நேரில் கண்டார். பெற்றோரின் சமய நிலைப்பாட்டிலிருந்து அவர் விலகத் தொடங்கியது அப்போதுதான்.

1924இல் பட்டம் பெற்று, சிறுவயது முதல் அறிமுகமான ஹெலனை மணந்துகொண்டு, நியூயார்க் நகரின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். மரபு வழுவாத பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிக்குப் போனால் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதாகத் தந்தை சொல்லியும் அவர் இணங்கவில்லை. 1925 கோடையில் வெர்மான்ட் மாநிலத்தின் கிழக்கு டார்செட் என்னும் சிற்றூரில் போதகராகப் பணியாற்றினார். கல்லூரியில் ரோஜர்சும் சில மாணவர்களும், ஆசிரியர் பாடம் நடத்தாமல் தங்கள் கேள்விகளைத் தாங்களே விவாதிக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகமும் அனுமதித்தது. அந்த வகுப்பின் முடிவில் பலர் சமயப்பணியை விட்டே விலகிவிட்டார்கள். ரோஜர்ஸ் அவர்களில் ஒருவர். குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை வாழ்நாள் முழுவதும் நம்பியே ஆகவேண்டிய பணியில் தம்மால் நேர்மையாக நிற்க முடியாது என்று அவர் உணர்ந்தார். இரண்டாண்டு இறையியல் படிப்புக்குப் பின், தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்கு மாறி, 1931இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஒரு தாய் கற்றுக்கொடுத்த பாடம்

1928 முதல் 1940 வரை 12 ஆண்டுகள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தில் அவர் பணியாற்றினார். நீதிமன்றங்களும் சமூகநல அமைப்புகளும் அனுப்பிவைத்த பிள்ளைகள் அங்கே வந்தார்கள். திருடிய பிள்ளைகள், வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகள், யாருக்கும் வேண்டாத பிள்ளைகள். அன்றைய முறை எளிமையானது. வல்லுநர் சோதிப்பார், காரணத்தைக் கண்டுபிடிப்பார், பிறகு அதை எடுத்துச் சொல்லித் திருத்துவார்.

வீடுகளுக்குத் தீ வைத்த சிறுவன் ஒருவன் வந்தான். புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரின் நூலில் படித்தபடியே, நாள்தோறும் பேசி அவன் செயலுக்கான மறைவான காரணத்தை ரோஜர்ஸ் கண்டுபிடித்தார். சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்தார். விடுவிக்கப்பட்ட சிறுவன் மறுபடியும் தீ வைத்தான். நூலில் உள்ளது தவறாக இருக்கலாம், வல்லுநர்களுக்கும் தெரியாதவை உண்டு என்பது அவருக்கு விழுந்த முதல் அடி.

இரண்டாவது பாடம் ஒரு தாயிடமிருந்து வந்தது. அடங்காத மகனைப் பற்றிப் பேச அந்தத் தாய் வாராவாரம் வந்தார். குழந்தைப் பருவத்தில் அவர் மகனை ஒதுக்கியதே சிக்கலுக்கு வேர் என்பது ரோஜர்சின் கணிப்பு. அதை அவர் உணரும்படி மென்மையாகவும் பொறுமையாகவும் பலமுறை எடுத்துச் சொன்னார். பலன் இல்லை. கடைசியில், இருவரும் முயன்று பார்த்தோம், முடியவில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். தாயும் ஒத்துக்கொண்டு, கைகுலுக்கி, கதவுவரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்து, பெரியவர்களுக்கும் இங்கே உதவி செய்வீர்களா என்று கேட்டார். செய்வோம் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து, மகனைப் பற்றியல்ல, தம்மைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முறிந்துகொண்டிருந்த மண வாழ்வு, தோல்வி உணர்வு, குழப்பம் எல்லாம் கொட்டின. அதுவரை சொன்ன ஒழுங்கான குடும்பக் கதைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரோஜர்ஸ் குறுக்கிடாமல் கேட்டார். அன்றுதான் உண்மையான சிகிச்சை தொடங்கியது. காலப்போக்கில் தாயும் தேறினார், மகனும் தேறினான்.

எது வலிக்கிறது, எந்தத் திசையில் போகவேண்டும், எந்த அனுபவம் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது என்பது வலிப்பவருக்கே தெரியும். உதவி செய்பவர் தம் அறிவைக் காட்டிக்கொள்ளும் ஆசையை விட்டுவிட்டு அவர் பின்னால் நடப்பதே சிறந்த வழி. ரோஜர்சின் மொத்தச் சிகிச்சை முறையும் அந்தக் கதவருகே பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஒலித்தட்டுகள் காட்டிய உண்மை

1940இல் அவர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தம் புதிய கருத்துகளை எடுத்துரைத்தபோது பாராட்டும் கண்டனமும் சேர்ந்தே எழுந்தன. அந்த நாளையே தம் சிகிச்சை முறையின் பிறந்தநாளாக அவர் பின்னாளில் கருதினார். 1942இல் வெளிவந்த அவரது நூலில் நோயாளி என்ற சொல்லுக்குப் பதிலாக, வழக்கறிஞரை நாடி வருபவரைக் குறிக்கும் கிளையண்ட் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். உதவி நாடி வருபவர் தாழ்ந்தவர் அல்லர், தம் வாழ்வுக்குத் தாமே பொறுப்பானவர் என்பது அதன் பொருள்.

அந்த நூலில் இன்னொரு புதுமையும் இருந்தது. ஒருவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் எட்டுச் சந்திப்புகளும், ஆள் பெயர் மாற்றப்பட்டு, வார்த்தைக்கு வார்த்தை அச்சிடப்பட்டிருந்தன. மூடிய கதவுக்குப் பின் நடப்பதை இப்படி முழுமையாக வெளியே கொண்டுவந்தது அதுவே முதல்முறை. அன்று ஒலிநாடா கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலித்தட்டை மாற்றி மாற்றிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்டபோது ஆற்றுப்படுத்துநர்களே திகைத்தார்கள். தாங்கள் எவ்வளவு பேசுகிறோம், எத்தனை முறை குறுக்கிடுகிறோம், எந்த இடத்தில் வந்தவரின் பேச்சைத் திசைதிருப்பிவிடுகிறோம் என்பது அம்பலமானது. ரோஜர்சின் மாணவர் ஒருவர் எண்ணிப் பார்த்தபோது, அறிவுரை சொல்லி வழிநடத்துபவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு சொற்களைப் பேசுவது தெரிந்தது. நாம் ஆறுதல் சொல்லும் வேளைகளில் அப்படியொரு பதிவுக்கருவி இருந்தால் என்ன காட்டும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்பிய காலம் அது. மனம் உடைந்தவர்கள் பல்லாயிரம் பேர். மனநல மருத்துவர்களோ சிலர். அந்த நெருக்கடியில் ரோஜர்சின் முறை வேகமாகப் பரவியது. 1945 முதல் 1957 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றுப்படுத்தும் மையம் ஒன்றை நடத்தினார். சிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதை அறிவியல் முறையில் அங்கே சோதித்தார். அந்த ஆய்வுகளுக்காக அமெரிக்க உளவியல் கழகம் 1956இல் அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது.

மூன்று பண்புகள்

ஒருவர் உள்ளத்தில் மாற்றம் நிகழ, உதவுபவரிடம் மூன்று பண்புகள் இருக்கவேண்டும் என்று ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் வரையறுத்தார்.

முதலாவது, உண்மையாய் இருத்தல். உள்ளே சலிப்பு, வெளியே புன்னகை என்று இருந்தால் வந்தவர் அதைக் கண்டுகொள்வார். முகமூடி அணிந்தவர் முன்னால் யாரும் தம் முகமூடியைக் கழற்றமாட்டார்.

இரண்டாவது, நிபந்தனையற்ற ஏற்பு. நீ திருந்தினால் உன்னை மதிப்பேன் என்பதல்ல; இப்போது இருக்கும் நிலையிலேயே உன்னை மதிக்கிறேன் என்பது. செய்த செயல் அனைத்தையும் சரி என்று சொல்வது இதன் பொருளன்று. செயலுக்குப் பின்னால் இருக்கும் ஆளை இழக்காமல் பார்ப்பது.

மூன்றாவது, ஒத்துணர்வு. மற்றவரின் உலகத்துக்குள் நுழைந்து, அவர் கண்களால் பார்ப்பது. அதே வேளையில் நாம் யார் என்பதை மறந்துவிடாமல் இருப்பது. பரிதாபம் மேலிருந்து கீழே பார்க்கும். ஒத்துணர்வு பக்கத்தில் உட்காரும்.

நம் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்ற சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம்! சூடான பாலை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது, துக்கம் கேட்கப் போகும்போது ஆறுதல் சொல்கிறோம். ஆறுவதற்கு நேரம் வேண்டும். கொதிக்கும் பாலை யாரும் அதட்டி ஆற வைப்பதில்லை. வழிகாட்டும் ஆற்றுப்படை என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள் கேட்கிறது. முதலில் ஆற வேண்டும், பிறகே பாதை தெரியும் என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

குணமளிப்பவருக்கும் காயம் உண்டு

1940களின் இறுதியில் ரோஜர்ஸ் வாழ்வில் ஒரு புயல் வீசியது. அதுவரை அவர் கட்டியெழுப்பிய அனைத்தையும் அது சோதித்தது. கடுமையான மனநோய்க்கு உள்ளாகியிருந்த பெண் ஒருவருக்கு அவர் சிகிச்சை அளித்துவந்தார். அவரைக் கைவிடக்கூடாது என்ற கட்டாய உணர்வில் தம் எல்லையைத் தாண்டி நேரம் கொடுத்தார், பாசமாக இருக்க முயன்றார், உள்ளுக்குள் அஞ்சினார். மெல்ல மெல்ல, எது அவருடைய மனம், எது தம் மனம் என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டார். தாமே உடைந்துவிடுவோம் என்று உணர்ந்த நாளில், அந்தப் பெண்ணை உடன் பணியாற்றிய மனநல மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி ஹெலனுடன் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். இரண்டு மூன்று மாதங்கள் பாதையிலேயே கழிந்தன.

திரும்பி வந்தபோது அவர் செய்த செயல் நம் மரியாதைக்கு உரியது. நாட்டின் பெயர்பெற்ற உளவியலாளர், அமெரிக்க உளவியல் கழகத்தின் முன்னாள் தலைவர், தம் மையத்தில் தம் கீழ்ப் பணியாற்றிய இளையவர் ஒருவர் முன் உதவி நாடுபவராக உட்கார்ந்தார். தம் உழைப்பை மற்றவர்கள் விரும்பக்கூடும். தம்மை யாரும் உண்மையில் நேசிக்க முடியாது என்ற எண்ணம் தம் ஆழத்தில் கிடந்ததை அங்கே கண்டுகொண்டார். மற்றவர்களுக்கு நிபந்தனையற்ற ஏற்பைக் கொடுத்தவர் அதைத் தமக்காகப் பெற்றுக்கொண்டது அப்போதுதான். அதன்பின் அவரது பணியில் ஒரு தளர்வும் அன்பும் கூடின.

குடும்பத்தைத் தாங்கும் தாய்மார், பிறர் துன்பம் கேட்கும் துறவியர், ஆசிரியர்கள், செவிலியர்கள், குருக்கள் அனைவருக்கும் இதில் செய்தி உண்டு. கேட்பவருக்கும் ஒருவர் கேட்க வேண்டும். உதவி தேடிப் போவது விசுவாசக் குறைவு அன்று.

அவரது முறைக்கும் எல்லை உண்டு. 1957இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், மென்டோட்டா அரசு மனநல மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளிகளிடம் தம் முறையைச் சோதித்தார். சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் பெரிதாக முன்னேறிவிடவில்லை. ஆய்வுக் குழுவுக்குள் பூசலும் எழுந்தது. ஆழ்ந்த ஒத்துணர்வு கிடைத்த நோயாளிகள் சற்றே தேறியது மட்டுமே ஆறுதல். கடுமையான மனநோய்க்கு அன்பான செவி தேவை. அது மட்டும் போதாது, மருத்துவமும் மருந்தும் வேண்டும். நம் குடும்பங்களில் ஒருவர் இல்லாத குரல்களைக் கேட்டால், வாழ்வே வேண்டாம் என்று பேசினால், செபிப்போம். அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.

திருச்சபையும் ரோஜர்சும்

ரோஜர்சின் எண்ணங்கள் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளும் வந்தன. ஒஹையோவில் அவரிடம் பயின்ற அருட்தந்தை சார்லஸ் கரன், சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, ஆற்றுப்படுத்தும் கலையைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கற்றுத்தந்தார். (அறநெறி இறையியலாளரான சார்லஸ் இ. கரன் வேறொருவர்.) அருள்பணியில் உளவியல், சமூகவியல் போன்ற துறைகளின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் கேட்டுக்கொண்டது.

கசப்பான ஓர் அத்தியாயமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மரியாயின் மாசற்ற இருதய சபைச் சகோதரிகளின் பள்ளிகளில், ரோஜர்சும் அவர் குழுவினரும் மனம்திறந்து பேசும் குழுச் சந்திப்புகளை நடத்தினர். 1970இல் அந்தச் சபையின் பெரும்பான்மையான சகோதரிகள் துறவற வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுபட்டுத் தனிச் சமூகமாகப் பிரிந்தனர். ரோஜர்சின் குழுவில் இருந்த கத்தோலிக்க உளவியலாளர் வில்லியம் கூல்சன், அந்தச் சந்திப்புகளே இதற்குக் காரணம் என்று பின்னாளில் பகிரங்கமாக வருந்தினார். உடை, கல்விப்பணி, சபையின் தன்னுரிமை ஆகியவை குறித்துக் கர்தினால் மெக்கின்டயருடன் ஏற்பட்ட மோதலே உண்மையான காரணம் என்று மற்றவர்கள் வாதிட்டனர். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒருவரோடு ஒருவர் அமர்ந்து கேட்கும் முறையை, பொது வாழ்வும் பொது வாக்குறுதியும் கொண்ட ஒரு சமூகத்தின்மேல் அப்படியே பொருத்தும்போது எச்சரிக்கை வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

இன்னும் ஆழமான கேள்வி ஒன்றும் உண்டு. மனிதர் தம் இயல்பை நம்பினால் போதும், நன்மை தானாக மலரும் என்று ரோஜர்ஸ் கருதினார். 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருடன் உரையாடிய யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் இதை ஏற்கவில்லை. மனிதருக்குள் இரு திசைகளும் உண்டு. ஒருவரை ஏற்றுக்கொள்வதோடு நில்லாமல், அவர் ஆக வேண்டியவராக ஆவதற்கு அவரோடு சேர்ந்து போராடவும் வேண்டியிருக்கும் என்பது பூபரின் நிலை. பாவத்தால் காயமுற்ற மனித இயல்பைப் பற்றியும், அருளின் தேவையைப் பற்றியும் அறிந்த நமக்கு இந்த எச்சரிக்கை புரியும். நிலவறை உருளைக்கிழங்கை மறுபடி நினைத்துப் பார்ப்போம். முளை வெளிச்சத்தை நோக்கி நீளுகிறது என்பது உண்மை. அந்த வெளிச்சம் கிழங்கிலிருந்து வருவதில்லை என்பதும் உண்மை. வளர்ச்சியை நாடும் உந்துதலைப் படைத்தவர் எவரோ, அவரே அதை நிறைவாக்கும் ஒளியையும் தருகிறார். செவிகொடுப்பவர் அந்த ஒளி அல்லர். ஒளி உள்ளே வர இடம்விடும் சன்னல்.

இரும்புத் திரையை விலக்கியவர்

1960களில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் குடியேறிய ரோஜர்ஸ், தனி மனிதரைக் குணமாக்கும் செவி பகைத்துக்கொண்ட சமூகங்களையும் குணமாக்குமா என்று பார்க்க விரும்பினார். 1972இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினருமாக ஒன்பது பேரை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அழைத்துவந்து ஒரே அறையில் உட்கார வைத்தார். குண்டுகளில் உறவினரை இழந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். துயரம் தம்மை அழித்துவிடாதபடி தம் உள்ளத்தில் இரும்புத் திரை ஒன்றை இறக்கி வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். அதுவே அந்தச் சந்திப்பைப் பற்றிய திரைப்படத்தின் பெயராயிற்று. மூன்று நாளில் நூற்றாண்டுப் பகை தீர்ந்துவிடாது. இருந்தாலும் பங்கேற்றவர்கள் சிலர் ஊர் திரும்பி, எதிர்த் தரப்பினரோடு சேர்ந்து அந்தப் படத்தைக் காட்டி மக்களிடம் பேசினார்கள். அது உயிருக்கு ஆபத்தான செயல்.

தென் ஆப்பிரிக்காவில் கறுப்பரையும் வெள்ளையரையும், 1985இல் ஆஸ்திரியாவில் மத்திய அமெரிக்க நாடுகளின் தலைவர்களையும், 1986இல் சோவியத் ஒன்றியத்தில் கல்வியாளர்களையும் உளவியலாளர்களையும் அவர் இவ்வாறே சந்திக்க வைத்தார். 1982இல் அமெரிக்க உளவியலாளர்களிடம் எடுத்த கருத்தாய்வில், சிகிச்சைத் துறையில் மிகுந்த செல்வாக்குடையவராக ஃபிராய்டையும் முந்தி அவர் பெயரே முதலில் வந்தது.

அவர் குறையற்றவர் அல்லர். முதிய வயதில் மதுப் பழக்கமும், நோயுற்ற மனைவியோடு கொண்ட உறவில் விரிசலும் இருந்ததை அவரது வாழ்வை எழுதியவர்கள் மறைக்கவில்லை. ஹெலன் 1979இல் இறந்தார். இளமையில் விட்டுவிலகிய ஆன்மீக உலகைப் பற்றி, தம் முறையில் அதற்கு உரிய இடம் கொடுக்கவில்லையோ என்று கடைசி ஆண்டுகளில் ரோஜர்ஸ் எழுதினார். 1987 பிப்ரவரி 4ஆம் நாள், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சைக்குப் பின், தம் 85ஆம் வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

எம்மாவு நோக்கி மனமுடைந்து நடந்த இரு சீடரோடு வழியில் சேர்ந்துகொண்ட ஆண்டவர், எடுத்தவுடன் தம்மை வெளிப்படுத்தவில்லை. எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். முழுக் கதையையும் அவர்களே சொல்லவிட்டார். விளக்கமும் அப்பம் பிடுதலும் பிறகே வந்தன. சமாரியப் பெண்ணிடமும் அவர் தாகத்தோடு பேச்சைத் தொடங்கினார், குற்றச்சாட்டோடு அன்று. ரோஜர்ஸ் ஆய்வுக்கூடத்தில் தேடிக் கண்டுபிடித்ததை நற்செய்தியில் நாம் முன்பே பெற்றிருக்கிறோம். பெற்றிருந்தும் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

ஒப்புரவு அருள்சாதனம் ஆற்றுப்படுத்துதல் அன்று. அங்கே இறைவன் பாவத்தை மன்னிக்கிறார். அதே வேளையில் பாவ அறிக்கைத் தொட்டிக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில், அன்பியக் கூட்டத்தில், மருத்துவமனைப் படுக்கை அருகில், செவிக்காகக் காத்திருப்பவர்கள் பலர். அவர்களுக்கு உதவப் பட்டமும் பதவியும் தேவையில்லை.

இந்த வாரம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்:

நம் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டவர் யார்? அவர் எப்போது நிறுத்தினார்?

நம் பிள்ளை தன் தோல்வியைச் சொல்லத் தொடங்கினால், அறிவுரை சொல்லாமல் பத்து நிமிடம் கேட்க நம்மால் முடியுமா?

நாம் சுமப்பதை இறக்கிவைக்க நமக்கு யார் இருக்கிறார்? இல்லையென்றால், யாரைத் தேடிப் போகப்போகிறோம்?

கதவுவரை போய் நின்று திரும்பிப் பார்க்கும் ஒருவர் நம் அருகிலும் இருக்கலாம். அவர் திரும்பி வந்து உட்கார ஒரு நாற்காலியும், அவசரமில்லாத நம் செவியும் காத்திருக்கட்டும். நம் மன்றாட்டுக்கு நாள்தோறும் செவிசாய்க்கும் இறைவன் அந்த மனத்தை நமக்குத் தருவாராக.